பச்சைக் கம்பளமும் ஆயாவின் குடமும்

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

புல்லைப் பற்றி ஒரு கட்டுரையா என்று இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் நகைக்கக்கூடும். காதலைப் பற்றி எழுதக் கவிஞர்கள் இருக்கின்றனர். நாட்டைப் பற்றி எழுதப் பேச்சாளர்கள் இருக்கின்றனர். ஒருவனை இகழ வேண்டுமானால் அவனைப் புல்லுக்கு ஒப்பிடுவதுதான் நம் வழக்கம். ஆயினும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் புல்லுக்கு நீர் பாய்ச்சியே கூலி வாங்கியவன் நான். எனவே புல்லைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

என் ஊர் சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே, மலையைக் குடைந்து அரங்கநாதரைப் பள்ளிகொள்ளச் செய்த ஊர். சுற்றிலும் பாறை. குன்றின் மேல் குன்றாக யாரோ உருண்டைக் கற்களைக் குவித்து வைத்தது போன்ற நிலம். சித்திரை பிறந்தால் அந்தப் பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழும். கத்திரி வெயிலில் எங்கள் தெருவில் வெறுங்காலுடன் நடந்து பார்த்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அத்தகைய வெயிலில் பச்சைப் பசேலென்று ஒரு புல்தரையைக் கண்டால் கண் குளிர்வது இயற்கை. அந்த ஆசையை நான் குறை கூறவில்லை. எந்தப் புல்லை, எவ்வளவு இடத்தில், எவர் நீரைக் கொண்டு வளர்ப்பது என்பதே என் கேள்வி. அந்தக் கேள்வியை எனக்குள் விதைத்தவர்கள் இருவர். ஒருவர் என் ஆயா. (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம்.) மற்றவர் என்னோடு வேலை பார்த்த முதிய தோட்டக்காரர்.

ஐம்பது நாள் கூலி

முதலாண்டுத் தேர்வு முடிந்ததும் செஞ்சிக்கு அப்பால் ஒரு நிறுவனத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். எவரையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. கட்டடத்தின் முகப்பில் ஏறத்தாழ இரண்டு கிரவுண்டு பரப்பில் புதிதாகப் புல்தரை போட்டிருந்தார்கள். வெளியூர் நாற்றுப்பண்ணையிலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டி லாரியில் வந்த கம்பளப் புல். கட்டடம் கட்டியபோது மீந்த செங்கல் துண்டுகளும் காரைக் கட்டிகளும் கிடந்த தரையின் மேல் இரண்டங்குலம் செம்மண் பரப்பி, அதன் மேல் விரித்துவிட்டார்கள். திறப்பு விழா அன்று பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்களாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது விழா முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு இரண்டு வேலைகள். முதல் வேலை, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ரப்பர் குழாயைப் பிடித்து நீர் தெளிப்பது. இரண்டாவது வேலை, களை எடுப்பது. களை என்று அவர்கள் எனக்குக் காட்டியது என்ன தெரியுமா? கோரையும் அறுகும்.

கோரை களைதான்; கிழங்கோடு பிடுங்கினாலும் மீண்டும் வரும் பிடிவாதக்காரக் களை. ஆனால் அறுகு? பிள்ளையாருக்கு நாம் சூட்டும் அறுகு. மணமக்களை வாழ்த்தும்போது ஆலமரத்தோடு சேர்த்து நாம் நினைக்கும் அறுகு. அந்த அறுகைக் களைக்கொத்தியால் தோண்டி எடுத்து மூலையில் குவிக்கும்போது எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் கூலிக்காரனுக்குக் கருத்து ஏது? குவித்ததைச் சாக்கில் கட்டி, வீட்டு ஆட்டுக்கு ஆகும் என்று மாலையில் எடுத்துப் போவேன்.

சித்திரை ஏற ஏறக் கம்பளம் மஞ்சளாயிற்று. நீரைக் கூட்டினோம். மேலும் மஞ்சளாயிற்று. யூரியா தூவச் சொன்னார்கள், தூவினேன். வாடிய புல்லின் மேல் விழுந்த யூரியா, விழுந்த இடமெல்லாம் கருக்கியது. இரவில் ஈரம் காயாமல் கிடந்த மூலைகளில் வட்ட வட்டமாகப் பூஞ்சை படர்ந்தது. பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் வேர் ஒரங்குலம் கூடக் கீழே போகவில்லை. மேலே தண்ணீர், கீழே காரைக்கட்டி. பாவம், அது எங்கே போகும்?

அப்போதுதான் அந்த முதியவர் சொன்னார்: “தம்பி, தண்ணிய மேலாக்காக் காட்டுனா வேரும் மேலாக்கத்தான் நிக்கும். தண்ணி கீழ எறங்குனா வேரும் கூடவே எறங்கும். நீ ஊத்தற தண்ணி புல்லுக்குப் போவல, வெயிலுக்குப் போவுது.”

எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவாக இக்கருத்தை நான் படித்ததில்லை.

ஆயாவின் கேள்வி

அதே நாட்களில் வீட்டிலும் ஒரு காட்சி நடந்துகொண்டிருந்தது. கோடை முற்றினால் குழாயில் நீர் நூல்போல் வரும். ஆயா விடியுமுன் எழுந்து குடத்தை வரிசையில் வைப்பாள். எழுபது வயதைக் கடந்த உடம்பு. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. சோறு வடித்த கஞ்சி ஆட்டுக்கு, பாத்திரம் கழுவிய நீர் முருங்கைக்கு, முகம் கழுவிய நீர் வாசல் தெளிக்க என்று ஒரே நீரை மூன்று முறை வேலை வாங்குவதில் அவளுக்கு நிகர் எவருமில்லை.

ஒரு நாள் மாலை, சட்டையெல்லாம் நனைந்து வீடு திரும்பிய என்னைப் பார்த்து, “ஏண்டா, மழையில நனைஞ்ச மாதிரி வர்ற?” என்றாள். புல்லுக்கு நீர் விட்டேன் என்றேன். “மாடு மேயுமா அதுல?” என்றாள். மேயாது என்றேன். “புள்ளைங்க வெளையாடுமா?” அதுவும் இல்லை, கால் வைக்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “அப்ப எதுக்கு?” என்றாள்.

நான் விடை சொல்லவில்லை. இன்றுதான் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அது ஒரு லிட்டர். நம் பகுதிக் கோடை வெயிலில் ஒரு புல்தரை வாடாமல் பச்சையாக நிற்க வேண்டுமானால் நாளொன்றுக்குத் தோராயமாக நான்கைந்து மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஆகவே ஒரு கிரவுண்டு புல்தரை ஒரு நாளைக்குக் குடிப்பது ஏறத்தாழ 1000 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் அளந்தால் அறுபத்தாறு குடத்திற்கும் மேல். ஊரகக் குடும்பங்களுக்குக் குழாய் நீர் வழங்க 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்தது. அந்த அளவின்படி ஒரு கிரவுண்டு புல்தரை பதினெட்டுப் பேரின் நீரைக் குடிக்கிறது. நான் நீர் விட்டது இரண்டு கிரவுண்டு. அதுவும் நண்பகலில் தெளித்துப் பாதியைக் காற்றுக்குக் கொடுத்தேன். ஆயாவின் கேள்வி எவ்வளவு பெரியது என்று அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

புல்தரை ஆங்கிலேய நாட்டுச் செல்வர் மாளிகைகளின் முன்னே தழைத்த கலை. அங்கே அது எளிது. ஆனால் ஏன் எளிது என்பதைப் பலர் தவறாக எண்ணுகின்றனர். அங்கே மழை அதிகம் என்று நாமெல்லாம் நினைக்கிறோம். இலண்டன் மாநகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். நம் விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் பெய்கிறது. நம் மழை அவர்கள் மழையினும் மிகுதி! ஆனால் அங்கே அது ஆண்டு முழுவதும் சிறு தூறலாகப் பரவிப் பெய்கிறது, வெயிலோ மென்மையானது. இங்கே பெரும்பகுதி மழை தென்மேற்கிலும் வடகிழக்கிலுமாகச் சில மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. பிறகு மாசி முதல் ஆனி வரை வானம் கையை விரித்துவிடுகிறது. மழைத்துளி விழாவிட்டால் புல்லின் நுனியைக்கூடக் காண இயலாது என்னும் கருத்தை வள்ளுவர் வான்சிறப்பில் வைத்தது இந்த வானத்தைப் பார்த்துத்தான்.

நாம் மழையில் ஏழைகள் அல்லர். மழையைத் தேக்குவதில்தான் ஏழைகளாகிவிட்டோம். நம் முன்னோர் அதில் செல்வர்களாக இருந்தனர். செஞ்சிக் கோட்டையை ஏறிப் பார்த்தவர்கள் அறிவர்: ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம், மலைமேல் சுனைகள், கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுவந்த மண்குழாய்கள். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையைச் சூழ்ந்து நின்றது. மதிலின் உயரம் மட்டும் அத்தனை ஆண்டு ஒரு கோட்டையைக் காத்துவிடாது. உள்ளே இருந்தவர்களுக்குக் குடிக்க நீர் இருந்தது. நீரைக் காத்தவன்தான் கோட்டையைக் காத்தான்.

பிறகு வந்தவர்கள் தம் நாட்டுப் பசுமையை இங்கே கொண்டுவந்தார்கள். தாஜ்மகாலைச் சுற்றி முகலாயர் வைத்தது மரங்கள் அடர்ந்த தோட்டம். 1899 முதல் 1905 வரை அரசப் பிரதிநிதியாக இருந்த கர்சன் பிரபுவின் காலத்தில்தான் அது ஆங்கிலப் பாணிப் புல்தரையாக மாற்றி அமைக்கப்பட்டது. இன்று இந்தியாவில் பழஞ்சின்னம் ஒன்றைப் பார்க்கப் போனால் அதன் முன்னே ஒரு புல்தரை விரிந்திருப்பதைப் பெரும்பாலும் காண்கிறோம். நம் செஞ்சிக் கோட்டையிலும் கல்யாண மகாலைச் சுற்றிப் புல்தரை உண்டு. மலையேறிக் களைத்தவர்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்ப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அது பயனுள்ள புல்தரை. உட்கார ஆளிருக்கும் இடத்தில் பசுமை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025 சூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இனி வருவோர் பெருகுவர். விடுதிகளும் உணவகங்களும் எழும். ஒவ்வொன்றும் தன் முகப்பில் ஒரு பச்சைக் கம்பளத்தை விரிக்க ஆசைப்படும். இப்போதே இதைப் பேசாவிட்டால் எப்போது பேசுவது?

நீர் தீர்ந்தால் என்னாகும் என்பதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தந்த ஏரிகள் வறண்டன. சூலை மாதம் சோலையார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தலைநகருக்குக் குடிநீர் போயிற்று.

அமெரிக்காவில் நெவாடா என்றொரு பாலைநில மாநிலம் உண்டு. லாஸ்வேகாஸ் நகரம் அங்கேதான் உள்ளது. செல்வத்திற்குக் குறைவில்லாத ஊர். அங்கே 2021-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். வீடுகளையும் விளையாட்டுத் திடல்களையும் பூங்காக்களையும் விட்டுவிட்டு, அலுவலக முகப்பிலும் சாலை நடுவிலும் வெறும் அழகுக்காக நிற்கும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்பது அச்சட்டம். எவரும் மிதிக்காத புல்லைப் பயனற்ற புல் என்றே அது வகைப்படுத்துகிறது. என் ஆயா கேட்ட கேள்வியை ஒரு மாநிலச் சட்டமன்றமே கேட்டிருக்கிறது!

அப்படியானால் புல்லே வேண்டாமா?

‘சரி, புல்தரையை எல்லாம் கொத்திப் போட்டுவிடலாம்’ என்று நண்பர் ஒருவர் விடுதி அறையில் என்னிடம் வாதிட்டார். நான் உடன்படவில்லை. வெறுந்தரை புல்தரையைவிடத் தீயது. வெறுந்தரையில் வெயில் காய்ச்சும். காற்றில் செம்புழுதி எழும். மழை விழுந்தால் மேல்மண் கரைந்து ஓடும். புல் மண்ணைக் கட்டுகிறது. மழைநீரைத் தடுத்து நிறுத்தி உள்ளே அனுப்புகிறது. புல்லின் மேல் வீசும் காற்று சிமெண்டின் மேல் வீசும் காற்றினும் தண்மையானது. எனவே புல் வேண்டும். ஆனால் நம் புல் வேண்டும்.

நான் மூட்டை கட்டி வந்த அறுகின் கதையை இங்கே முடித்துவிடுகிறேன். பாதியை ஆடு தின்றது. மீதியை, ஆயா பாத்திரம் கழுவும் இடத்திற்குப் பக்கத்தில் கையகல மண்ணைக் கொத்தி நட்டு வைத்தேன். கழுவிய நீர் அங்கே வழிந்தது. வேறு நீர் நான் விடவில்லை. கத்திரி முடியும்போது நிறுவனத்துக் கம்பளம் வைக்கோல் ஆகிவிட்டது. அதிலும் பச்சையாக நின்ற திட்டுகள் சில இருந்தன. அருகே சென்று பார்த்தால், அவை நான் பிடுங்கத் தவறிய அறுகு! வீட்டு முற்றத்திலோ என் அறுகு ஒரு பாய் அகலம் படர்ந்திருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அறுகு வெயிலுக்கென்றே பிறந்த புல். கரும்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றைப் போல இதுவும் நாற்கரிமப் பாதையில் உணவு ஆக்கும் இனம். கரும்பில் அப்பாதையை ஹாட்ச், சிலாக் என்னும் இருவர் 1966-இல் விளக்கினர். இத்தகைய செடிகள் இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே போதிய கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்வதால், செலவிடும் நீருக்கு அதிக உணவு செய்கின்றன. அறுகின் வேர் நல்ல மண்ணில் மூன்று நான்கு அடி ஆழம் வரை இறங்கும். தரைக்கு மேலே ஓடும் தண்டு ஒன்று, தரைக்குக் கீழே ஓடும் தண்டு ஒன்று என்று இரட்டைக் காப்பு வேறு. வறட்சி மிகுந்தால் இலை பழுப்பாகும். ஆனால் கணுக்கள் உறங்கிக்கொண்டிருக்கும். முதல் மழையில் விழிக்கும். அயல்நாடுகளில் விளையாட்டுத் திடல்களுக்கு நடும் புகழ்பெற்ற ‘பெர்முடாப் புல்’ வேறொன்றுமன்று. நம் அறுகும் அதன் உறவுகளுமே. நம் வாசலில் களை என்று பிடுங்குவதை அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

வளர்க்கும் முறை

தோட்டக்கார முதியவரிடம் கேட்டதும், வகுப்பில் படித்ததும், வீட்டு முற்றத்தில் செய்து பார்த்ததும் சேர்ந்த சில சொற்களை இங்கே தருகிறேன்.

மண்தான் முதல். கட்டட இடிபாட்டை அகற்றி, குறைந்தது அரையடி ஆழம் கொத்தி, மக்கிய சாணியெருவோ மண்புழு உரமோ கலக்க வேண்டும். விரிக்கும் பாய்க்குச் செலவிடுவதில் ஒரு பங்கை மண்ணுக்குச் செலவிட்டால் போதும்.

நடும் காலம் அடுத்தது. கோடையில் புல் நடுபவன் கடன் வாங்கித் திருமணம் செய்பவனைப் போன்றவன். ஆண்டு முழுவதும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடியின் முதல் மழையிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, கணுவுள்ள அறுகந் துண்டுகளை அரையடி இடைவெளியில் ஊன்றிவிட்டால் பெரும்பகுதி நீரை வானமே பார்த்துக்கொள்ளும்.

நீர் விடுவதைப் பற்றி முதியவர் சொன்னதே விதி. நாள்தோறும் மேலாகத் தெளிக்காமல், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அரையடி ஆழம் நனையும்படி விடியற்காலையில் விட வேண்டும். நனைந்ததா என்று அறிய ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தால் போதும். ஈரமுள்ளவரை அது எளிதில் இறங்கும். நண்பகல் நீர் காற்றுக்குப் போகும். இரவு முழுதும் தங்கும் ஈரம் பூஞ்சையை அழைக்கும். காலடி பட்ட இடம் நெடுநேரம் நிமிராமல் கிடந்தாலோ, பச்சை சற்று நீலம் பாய்ந்தாலோ, அப்போதுதான் புல்லுக்குத் தாகம் என்று பொருள்.

வெட்டுவதில் பேராசை கூடாது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் புல் நோகும். கோடையில் ஒன்றரை, இரண்டு அங்குல உயரம் விட்டுவைத்தால் அதன் நிழலே மண்ணைக் காக்கும். வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்டாமல் அங்கேயே விட்டால் அவையே எருவாகும். வாடி நிற்கும் புல்லுக்கு யூரியா போடுவது பசித்தவன் வாயில் உப்பை அள்ளிப் போடுவதற்குச் சமம். எருவை மழைக்காலத்தில் போட வேண்டும்.

மரநிழலில் அறுகு வாழாது. அங்கே புல்லுக்காக அழ வேண்டாம். விழும் சருகையே விரிப்பாக விட்டுவிடலாம்.

இவை எல்லாவற்றினும் கடினமானது இறுதி விதி. சித்திரை, வைகாசியில் புல் பழுத்தால் பழுக்கட்டும்! மூன்று வாரத்திற்கு ஒருமுறை கணு காயாத அளவு நனைத்தால் போதும். இலையுதிர்ந்த மரத்தைப் பார்த்து எவரும் அது செத்துவிட்டது என்று வெட்டுவதில்லை. பழுத்த புல்லைக் கண்டு மட்டும் ஏன் பதறுகிறோம்? மல்லாட்டை அறுத்த கொல்லையும் கோடையில் மண்ணிறமாகத்தான் கிடக்கிறது. அது எங்கள் ஊரின் கோடை நிறம். ஆண்டு முழுவதும் ஒரே பச்சை வேண்டும் என்பது வேறொரு வானத்தின் கீழ் பிறந்த ஆசை.

நம் வளாகத்தில்

அந்த நிறுவனத்தின் வழியாக அடுத்த ஆண்டு பேருந்தில் போனபோது எட்டிப் பார்த்தேன். புல்தரையைப் பெயர்த்துவிட்டு முகப்பு முழுவதும் சிமெண்டுக் கல் பதித்திருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, வருத்தமே வந்தது. பொருந்தாத பசுமையின் முடிவு இதுதான். ஓராண்டு தாங்கமுடியாத செலவு செய்து பார்ப்பார்கள். பிறகு புல்லே இந்த ஊருக்கு ஆகாது என்று முடிவு கட்டிக் கல்லைப் பதித்துவிடுவார்கள். ஆகாதது புல்லன்று, தேர்வுதான். அந்தக் கல்லின் மேல் விழும் மழை இனி மண்ணுக்குள் போகாது. நண்பகலில் அங்கே நிற்பவர் கால் சுடும்.

நம் கல்லூரி முகப்பிலும் வெறுந்தரை கிடக்கிறது. ஆண்டு விழாவுக்கு முன் அங்கே ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சும் நடக்கிறது. முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் இது. பாய் சுருட்டிய புல்லை வாங்க வேண்டாம். கல்லும் பதிக்க வேண்டாம். மாணவர் உட்காரும் அளவுக்கு ஒரு கிரவுண்டு இடத்தை மட்டும் அறுகுக்குக் கொடுப்போம். உணவகத்தில் பாத்திரம் கழுவும் நீரைச் சிறு மணல்தொட்டி வழியே அங்கே திருப்புவோம். எஞ்சிய இடத்தில் வேம்பும் புங்கும் வைப்போம். கூரையில் விழும் மழைநீர் நம் கிணற்றுக்குப் போகட்டும். கோடை விடுமுறையில் கல்லூரி உறங்கும்போது புல்லும் உறங்கட்டும். நாம் திரும்பி வந்த பின் ஆடி மழையில் அதுவும் விழித்துக்கொள்ளும். முக்கியமாக ஒன்று: ‘புல்லை மிதிக்காதீர்’ என்ற பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். மிதிப்பதற்குத்தான் அந்தப் புல்.

இதற்குப் பணம் பெரிதாக வேண்டியதில்லை. அறுகை நான் கொண்டு வருகிறேன். எங்கள் முற்றத்துப் பாய் இப்போது இரண்டு கட்டில் அகலம் ஆகிவிட்டது. ஆயா அதன் மேல் உட்கார்ந்துதான் மாலையில் கீரை ஆய்கிறாள். கல்லூரிக்குக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளவா என்று போன வாரம் கேட்டேன். “புள்ளைங்க உக்காருமா?” என்றாள். உட்காரும் ஆயா என்றேன். “அப்ப கொண்டு போ” என்றாள்.

வரும் ஐப்பசியில், முதல் மழைக்கு மறுநாள், இரண்டு சாக்கு அறுகோடு பேருந்தேறி வருவேன். மண்வெட்டியோடு நீங்கள் வந்தால் போதும்.